சிதம்பரம் பஸ்: டிக்கெட் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை (கேள்வி-பதில்)

கல்லூரிச் சேர்க்கை தொடங்கினாலே சென்னையிலிருந்து சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகருக்குப் போகும் வழி பற்றிய கேள்விகள் வரிசைகட்டும். இம்முறை வந்தவற்றில் பாதி, டிக்கெட்டைத் தப்பான ஊருக்கு எடுத்துவிட்டு வந்த கேள்விகள். அதனால் விலைக்கு முன் வழியைப் பேசிவிடுவோம்.

கேள்வி: மகளுக்கு அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. காலை 9 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கோயம்பேட்டிலிருந்து கடலூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பஸ் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு ஆட்டோ கிடைக்குமா? (ஒரு தந்தை, ஆவடி)

பதில்: ஆட்டோ கிடைக்கும், கல்லூரிதான் அங்கே இருக்காது. பெயரில் கடலூர் இருந்தாலும் அது இருப்பது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில். அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று இருந்ததுதான் அரசு வசம் வந்தபின் மாவட்டத்தின் பெயரைப் பெற்றது. கடலூர் நகரிலும் ஓர் அரசுத் தலைமை மருத்துவமனை இருப்பதால், "ஜி.எச். போங்க" என்றால் ஆட்டோக்காரர் அங்கேதான் கொண்டுபோய் விடுவார். அதன்பிறகு இன்னும் 45 கி.மீ. பயணம் பாக்கி இருக்கும். நோயாளிகளை அழைத்து வருபவர்களுக்கும் இதே குழப்பம் நேர்கிறது.

நீங்கள் பதிவு செய்த பஸ் கடலூரோடு நிற்கிறதா, சிதம்பரம், சீர்காழி என்று மேலே போகிறதா என்று டிக்கெட்டில் பாருங்கள். மேலே போகும் பஸ் என்றால் ஏறியதும் கண்டக்டரிடம் சொல்லி மிச்சக் கட்டணம் கட்டலாம். ஆனால் கடலூரிலிருந்து அந்த சீட்டை வேறொருவர் பதிவு செய்திருந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். நாள் இருக்கிறது என்றால் ரத்து செய்துவிட்டு சிதம்பரத்துக்கே எடுத்துவிடுங்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்க ரத்துப் பிடித்தம் கூடும். முன்பதிவுக் கட்டணத்தைத் திரும்ப எதிர்பார்க்க வேண்டாம்.

கோயம்பேட்டிலிருந்து சிதம்பரத்துக்கு ஐந்து முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். 9 மணிக்கு வளாகத்தில் நிற்க வேண்டும் என்றால் விடியற்காலை பஸ்ஸை நம்பாதீர்கள். முந்தின நாளே போய், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஏதாவது லாட்ஜில் தங்குவதே நல்லது.

கேள்வி: கிளாம்பாக்கமா, கோயம்பேடா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாமா? (ஒரு மாணவி, அம்பத்தூர்)

பதில்: இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், வழிதான் வேறு. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபின் தென்மாவட்ட பஸ்கள் அங்கே போய்விட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் போகும் பஸ்களைக் கோயம்பேட்டிலேயே விட்டுவைத்தார்கள். கிளாம்பாக்கத்தில் ஏறினால் திண்டிவனம் வழி. வண்டலூர், தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு அது வசதி. அம்பத்தூரிலிருந்து அவ்வளவு தூரம் தெற்கே போய் ஏறுவதில் அர்த்தமில்லை; உங்களுக்குக் கோயம்பேடுதான்.

கும்பகோணம் பஸ் விஷயத்தில் கவனம். கும்பகோணம், தஞ்சாவூர் பஸ்கள் பெரும்பாலும் விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு என்று போகும். சிதம்பரத்தைத் தொடாது. தெரியாமல் ஏறிவிட்டால் சேத்தியாத்தோப்பில் இறங்கி, புவனகிரி வழி சிதம்பரம் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். பகலில் இது பெரிய தொல்லையில்லை. இரவு பத்து மணிக்கு மேல் என்றால் பைகளோடு அங்கே நிற்க வேண்டிவரும். மயிலாடுதுறை, சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று போர்டு போட்டவைதான் உங்களுக்கு ஆகும். அதிலும் "சிதம்பரம் வழியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நேர்ப் பஸ் எல்லாம் நிரம்பியிருந்தால் பயணத்தை இரண்டாக வெட்டுங்கள். சென்னை – புதுச்சேரி பஸ் அடிக்கடி உண்டு. புதுச்சேரியில் இறங்கி, காரைக்கால் அல்லது மயிலாடுதுறை பஸ்ஸில் மாறினால் சிதம்பரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். புதுச்சேரி அரசின் பி.ஆர்.டி.சி. பஸ்களும் காரைக்காலுக்கு இந்த வழியாகத்தான் ஓடுகின்றன. கடலூர் – சிதம்பரம் இடையே தனியார் பஸ்களும் நிறைய. வழக்கமாகப் போய்வரும் மாணவர்கள் பலர் முன்பதிவே செய்யாமல் இப்படித்தான் போகிறார்கள்.

கேள்வி: ஒரே ஊருக்கு ஒரு பஸ்ஸில் 170 ரூபாய், இன்னொன்றில் 230, செயலியில் பார்த்தால் இன்னும் அதிகம். எது நியாயமான விலை? (ஒரு வாசகர், பம்மல்)

பதில்: அரசு பஸ்ஸில் கணக்கு எளிது. 2018 ஜனவரியில் உயர்த்தி, அந்த மாதமே சற்றுக் குறைத்த விகிதம் இது: கிலோமீட்டருக்குச் சாதாரண பஸ் 58 பைசா, எக்ஸ்பிரஸ் 75, சூப்பர் டீலக்ஸ் 85, அல்ட்ரா டீலக்ஸ் 1 ரூபாய். தூரத்தைச் சுமார் 220 கி.மீ. என்று வைத்தால் எக்ஸ்பிரஸுக்கு 165, அல்ட்ரா டீலக்ஸுக்கு 220. அதன்மேல் சுங்கச்சாவடி போன்ற சில்லறைச் சேர்க்கைகள் வரும். ஆக நீங்கள் பார்த்த இரண்டு விலையும் நியாயமானவைதான்; வண்டியின் ரகம் வேறு. டீலக்ஸ் என்பதற்காக விரைவாகப் போய்விடாது. நேரத்தைத் தீர்மானிப்பது அது எத்தனை ஊருக்குள் நுழைந்து வெளிவருகிறது என்பதுதான்.

செயலியில் கூடுவதற்குக் காரணம் மூன்று. ஒன்று, சேவைக் கட்டணம். இரண்டாவது பலருக்குத் தெரியாது: ஏ.சி. இல்லாத பஸ்ஸுக்கு நேரே டிக்கெட் வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் 2022 ஜனவரி 1 முதல் இணைய இடைத்தரகர் செயலி வழியே வாங்கினால் 5 சதவீதம் உண்டு. ஏ.சி. பஸ்ஸுக்கு எங்கே வாங்கினாலும் வரி உண்டு. மூன்றாவது, நீங்கள் கேட்காமலே டிக் அடித்து வைத்திருக்கும் பயணக் காப்பீடு, நன்கொடை வகையறா. இப்படிக் கூடையில் நைசாகப் பொருள் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. பணம் கட்டும் பக்கத்தில் ஒவ்வொரு வரியையும் படித்து, வேண்டாததை நீக்குங்கள். அரசு பஸ்ஸுக்கு டி.என்.எஸ்.டி.சி.யின் சொந்தத் தளத்தில் எடுப்பதுதான் மலிவு.

ஆம்னி பஸ்ஸுக்கு இந்தக் கிலோமீட்டர் கணக்குப் பொருந்தாது. அவை ஒப்பந்த ஊர்தி அனுமதியில் ஓடுபவை, அரசு விலை நிர்ணயிப்பதில்லை. தீபாவளி, பொங்கல் சமயத்தில் அநியாய விலை கேட்டால் போக்குவரத்துத் துறையின் 1800 425 6151 எண்ணில் புகார் செய்யலாம். செயலியில் காட்டிய விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: இரவு 10.30 மணிக்கு ஆம்னி ஸ்லீப்பர். மகன் தூங்கிக்கொண்டே போய்விடுவான் என்று நினைக்கிறோம். சரியா?

பதில்: எங்கள் கருத்தில் இந்தத் தூரத்துக்கு ஸ்லீப்பர் வீண் செலவு. 10.30-க்கு ஏறினால் மூன்றரை, நான்கு மணிக்குச் சிதம்பரம் வந்துவிடும். பெரும்பாலும் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போகும் வண்டியாக இருக்கும். சிதம்பரம் அதற்கு நடுவழி நிறுத்தம்தான். அசந்து தூங்கினால் சீர்காழியில் கண்விழிக்க வேண்டியதுதான். கடலூர் தாண்டும் நேரத்துக்கு அலாரம் வைக்கச் சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், இறக்கிவிடும் இடம். புதிய நான்குவழிச் சாலை ஊருக்கு வெளியே ஒதுங்கிப் போகிறது. டிக்கெட்டில் "சிதம்பரம்" என்று மட்டும் இருந்தால் அது பஸ் நிலையமாகவும் இருக்கலாம், இருட்டில் பைபாஸ் ஓரமாகவும் இருக்கலாம். டிராப்பிங் பாயிண்ட் என்ற இடத்தைத் திறந்து முழு முகவரியைப் பாருங்கள். "பைபாஸ்" என்றிருந்தால் விடியற்காலையில் அங்கே ஆட்டோ நிற்கும் என்று நம்ப வேண்டாம். காலை ஐந்தரை, ஆறு மணி அரசு பஸ் உட்கார்ந்து போனாலும் இதைவிட உத்தமம்.

கேள்வி: பெண்களுக்குப் பஸ் இலவசம் என்கிறார்களே, சென்னையிலிருந்து சிதம்பரத்துக்கும் உண்டா? மாணவர் பாஸ்?

பதில்: இல்லை. 2021-இல் வந்த விடியல் பயணம் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துக்கு மட்டும். சிதம்பரம் பஸ் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அரசு டவுன் பஸ்ஸில் போனால் பெண்களுக்குக் கட்டணமில்லை. தனியார் டவுன் பஸ்ஸில் கொடுக்க வேண்டும். மாணவர் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் தினமும் போய்வருகிறவர்களுக்கானது. விடுதியில் இருப்பவர் மாதம் ஒருமுறை ஊருக்கு வர அது உதவாது.

கேள்வி: ஏ.சி. பஸ் என்று பணம் கட்டினோம். வந்தது ஏ.சி. வேலை செய்யாத வண்டி. ஓட்டுநர் "ஆபீஸ்ல கேளுங்க" என்கிறார், ஆபீஸில் "ஆப்ல கேளுங்க" என்கிறார்கள், செயலியோ "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்கிறது. யாரைப் பிடிப்பது? (ஒரு வாசகர், கடலூர்)

பதில்: இருவரையும் சேர்த்தே பிடியுங்கள். பணம் வாங்கியது ஒருவர், பஸ் ஓட்டியது ஒருவர் என்பது அவர்களுக்குள்ளான கணக்கு. புகாரில் இரு தரப்பையும் எதிர்த்தரப்பாகக் காட்டலாம்.

வழக்கின் பலமெல்லாம் பஸ்ஸுக்குள் இருக்கும்போது நீங்கள் சேர்ப்பதில்தான் இருக்கிறது. வண்டி எண் தெரியும்படி ஒரு படம், ஏ.சி. துவாரமும் திறந்த ஜன்னலும் தெரியும்படி ஒரு சிறு வீடியோ, டிக்கெட்டில் "ஏ.சி." என்றிருக்கும் பக்கம். பயணம் முடியும் முன்பே செயலியின் சாட்டில் "இன்ன எண் வண்டி, ஏ.சி. ஓடவில்லை" என்று எழுதிவிடுங்கள், நேரம் பதிவாகிவிடும். இறங்கியபின் இரண்டு நாள் கழித்து எழுதுபவரிடம்தான் "அப்போதே சொல்லவில்லையே" என்பார்கள். பக்கத்து சீட்டுக்காரர் ஒருவரின் டிக்கெட் படமும் கிடைத்தால் நல்லது.

அடுத்து, செயலியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். என்ன வேண்டும் என்று தொகையோடு எழுதுங்கள்: ஏ.சி.க்கும் சாதாவுக்குமான வித்தியாசம் இவ்வளவு என்று. "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் மன்னிப்புக் கடிதமும் கூப்பனும்தான் வரும். கூப்பனை ஏற்றுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததாகக் கணக்கெழுதிவிடுவார்கள், அதையும் கவனியுங்கள்.

அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இது சமரசம் பேசும் இடம், தீர்ப்பு சொல்லும் இடமல்ல. ஆனாலும் சிறு தொகைகள் பல இங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மசியாதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகமும் இந்தச் சட்டத்துக்குள் வருவதுதான்.

கேள்வி: யு.பி.ஐ.யில் பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. மறுபடி கட்டலாமா?

பதில்: முதலில் பதிவு வரலாற்றைப் பாருங்கள், சில சமயம் டிக்கெட் விழுந்திருக்கும், குறுஞ்செய்திதான் வந்திருக்காது. விழவில்லை என்றால் சீட் போகும் முன் மறுபடி எடுங்கள். முதல் தொகை ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு. பரிவர்த்தனை எண்ணோடு வங்கியில் கேளுங்கள். தேடல் பக்கத்தில் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள். அவற்றில் பல மோசடிக்காரர்கள் போட்டுவைத்தவை.

கேள்வி: வழியில் நிறுத்தும் மோட்டலில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 30 வாங்குகிறார்கள்.

பதில்: கடையில் விற்கும் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றம், குளிரூட்டியது என்ற சாக்கும் செல்லாது (உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் பரிமாறினால் இது பொருந்தாது). பில் கேளுங்கள், தரமாட்டார்கள், யு.பி.ஐ.யில் கொடுத்தால் அதுவே சாட்சி. பாட்டிலின் விலை அச்சைப் படமெடுத்து, தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். வீட்டிலிருந்தே இரண்டு லிட்டர் கொண்டுபோவது இதைவிடச் சுலபம்.

கேள்வி: விடுதிச் சாமான்களோடு பஸ்ஸில் போவது எப்படி? பெட்டி, மெத்தை, வாளி, மேசை விசிறி எல்லாம் இருக்கிறது. (ஒரு தாய், திருவள்ளூர்)

பதில்: பெட்டியும் ஒரு தோள்பையும் போதும். மெத்தையை எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏற்றினால் வைக்க இடமிருக்காது, லக்கேஜ் டிக்கெட்டும் போடுவார்கள். வாளி, பாய், தலையணை, விசிறி எல்லாம் சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளிலும் கிடைக்கும். அங்கே வாங்கி ஆட்டோவில் போட்டால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விடுதிக்குப் போய்விடலாம். சான்றிதழ்களை டிக்கியில் போகும் பெட்டியில் வைக்காதீர்கள், அவை மடியில் இருக்கட்டும். பெட்டியை டிக்கியில் போடும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்து வந்தால் அது முன்பே உடைந்திருந்தது என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

நாள் குறிக்கும்போது ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் எப்போது வருகின்றன என்று காலண்டரில் பாருங்கள். தேரோட்டத்தன்று நான்கு வீதிகளிலும் வண்டி நுழைய முடியாது, பஸ்கள் சுற்றிவிடப்படும், லாட்ஜில் அறை கிடைக்காது. ஆனித் திருமஞ்சனம் ஜூன், ஜூலையில் வருவதால் சேர்க்கை நாட்களோடு அடிக்கடி மோதும். மோதினால் இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள்.