மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு எந்தக் காயில்ஓவர் வாங்கலாம்?

2001 எம்எக்ஸ்-5, இங்கிலாந்தில் தினமும் ஓட்டும் கார், 30 கிளிக் டேம்பிங் (ஷாக்கின் இறுக்கத்தை 30 படிகளில் திருகி மாற்றும் வசதி) உள்ள மலிவான காயில்ஓவர் செட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய செட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடமும் அதே என்பி (இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5) மாடல்தான், பர்மிங்காம் பக்கம் எட்டு வருடமாக ஓட்டுகிறேன். அந்த செட்டை வாங்காதீர்கள். அப்படி ஒன்றைத்தான் நான் முதலில் போட்டேன், கிளிக்கை எவ்வளவு திருகியும் பள்ளம் வந்தால் இடுப்பில் இடிக்கும், ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது போல என்று ஒரு வருடம் முழுக்கத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் கார் பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஷாக் முழுதாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பர் கட்டையில், உட்கார்ந்திருந்தது. இந்தக் காரில் ஷாக் மேலே அமுங்குவதற்கு இருக்கும் இடமே குறைவு, அதில் அழகுக்காக இரண்டு அங்குலம் இறக்கிவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது, சின்ன மேட்டில்கூட அந்த ரப்பர் கட்டையில் போய் மோதும், வளைவில் அப்படி மோதினால் அந்தச் சக்கரம் சட்டென்று பிடிமானத்தை விடும். அதனால் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஸ்பிரிங்கைத் தொடாமல் ஷாக்கின் அடிப்பகுதியைத் திருகி உயரத்தை மாற்ற முடியுமா என்பது. முடிந்தால் இறக்கும்போது ஷாக்கின் அசைவு குறையாது (அப்போதும் டயர் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) உரசுகிறதா என்று பாருங்கள்). நான் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை 13 அங்குலம் வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே போக மனம் வரவில்லை.

அப்புறம் ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங் முன்னால் சுமார் 3 கிலோ/மிமீ, அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 3 கிலோ எடை வேண்டும். சாலைக்கு 6, 7 வரை சரி, பின்னால் அதைவிடக் குறைவாக இருக்கட்டும். 10 எல்லாம் ரேஸ் டிராக்குக்கு. ஸ்பிரிங் கடினமாக ஆக அது திரும்பி எழும் வேகத்தை அடக்க ஷாக்குக்கும் பலம் வேண்டும், மலிவான செட்டில் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பணம் இருந்தால் ஓலின்ஸ் கம்பெனியின் ரோடு அண்ட் டிராக் காயில்ஓவர், யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால் காயில்ஓவர் ஆசையை ஒத்திவைத்துவிட்டு பில்ஸ்டீன் பி6 அல்லது கோனி மஞ்சள் ஷாக்கைப் பழைய ஸ்பிரிங்கோடு போடுங்கள், மலிவான காயில்ஓவரைவிட நிச்சயம் நன்றாக ஓடும்.

இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள், காயில்ஓவரின் திருகு மரைகள் இறுகிவிடும், நவம்பருக்குள் சுத்தம் செய்து கிரீஸ் தடவுங்கள். இன்சூரன்ஸ்காரர்களிடம் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். சக்கரத்தைக் காரோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கரங்களின் முனையில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள், கார் தன் எடையில் நிற்கும்போது இறுக்குங்கள். நான் தொங்கவிட்டு இறுக்கி ஒரே வருடத்தில் இரண்டு புஷ் கிழிந்தது.