பட்டினியில் கை நடுங்குவது கொழுப்பு கரைவதாலா?

கேள்வி: எனக்கு வயது 48. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக இரவு 8 மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் பகல் 12 மணி வரை தண்ணீர்தான். 3 கிலோ குறைந்திருக்கிறேன். ஆனால் 11 மணிவாக்கில் கை நடுங்கி, குப்பென்று வியர்க்கிறது. கொழுப்பு கரைவதன் அறிகுறி என்கிறாள் தோழி. உண்மையா?

பதில்: இல்லை. அது சர்க்கரை தாழ்வதன் அறிகுறி. நாளைக் காலை பட்டினி வேண்டாம். உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பிடாத நேரத்தில் இன்சுலின் குறையும். குறைந்தால்தான் கல்லீரல் தன்னிடம் சேமித்து வைத்துள்ள சுமார் 100 கிராம் கிளைக்கோஜனை (சர்க்கரையின் சேமிப்பு வடிவம்) மறுபடி சர்க்கரையாக்கித் தரும். கொழுப்பும் கரையத் தொடங்கும். கிளிமிபிரைடோ, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. சேமிப்பு அறைக்குப் பூட்டைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிறீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்த ஆபத்து மிகக் குறைவு.

நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறியதும் சாப்பிடுங்கள். கருவி கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் சர்க்கரையைக் குடித்துவிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

எடை குறைந்தது உண்மைதான். அதற்கு 16 மணி நேரக் கணக்கு காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. சீனாவின் குவாங்சோவில் உடற்பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கலோரி அளவு. ஒரு பிரிவினர் மட்டும் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டார்கள். இரு பிரிவினரும் இளைத்தார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உங்களுக்கும் காலை இட்லியும் 11 மணி வடையும் நின்றதுதான் வேலை செய்திருக்கும்.

பட்டினி உங்களுக்குப் பிடித்திருந்தால், மாத்திரையை மருத்துவர் மாற்றியமைத்த பிறகு, காலை உணவை விடாமல் இரவு உணவை முன்னால் இழுத்துப் பாருங்கள். மாலை 7 மணிக்கு முடித்து, காலை 8 மணிக்குச் சாப்பிட்டாலே 13 மணி நேரம் ஆகிவிடுகிறது. பெரும்பகுதி தூக்கத்திலேயே போய்விடும். பருப்பு, முட்டை, சுண்டலைக் குறைக்காதீர்கள். இளைக்கும்போது தசையும் சேர்ந்து கரைவதுண்டு.

மருத்துவரைப் பார்க்கும் வரை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.