‘ஐ லவ் யூ’ வைரஸ் வழக்கில் ஏன் யாருக்கும் தண்டனை இல்லை?

குற்றம் சாட்டப்பட்டவர் ஆதாரம் இல்லாததால் தப்பித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படைச் சிக்கல் சட்டத்தில்தான் இருந்தது.

2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய அந்த மின்னஞ்சல் வைரஸ், சில நாட்களிலேயே உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளைத் தாக்கியது. விசாரணை ஒரு கல்லூரி மாணவரிடம் போய் நின்றது. ஆனால் வைரஸ் எழுதிப் பரப்புவது குற்றம் என்று சொல்லும் சட்டம் அன்று பிலிப்பைன்ஸில் கிடையாது. கிரெடிட் கார்டு மோசடிக்காக 1998இல் வந்த சட்டத்தைப் பொருத்திப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. ஆகஸ்டில் வழக்கைக் கைவிட்டார்கள்.

சரி, ஜூன் மாதமே புதிய மின்வணிகச் சட்டம் வந்துவிட்டதே, அதை வைத்துப் பிடித்திருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்குப் பிறகு வந்த சட்டத்தால் தண்டிக்கக் கூடாது. எனக்கு இது சரியென்றே படுகிறது, பாதிக்கப்பட்டவர்களுக்கு எவ்வளவு வலித்தாலும். அமெரிக்காவிடம் ஒப்படைக்கவும் வழியில்லை. அதற்கு இரு நாட்டிலும் அது குற்றமாக இருக்க வேண்டும்.

இணையக் குற்றங்களுக்கென்றே விரிவான சட்டம் பிலிப்பைன்ஸில் 2012இல்தான் வந்தது.