ஏலக்காயில் மருந்து எச்சம்: மலையடிவாரத்துக் கேள்விகளும் பதில்களும்

பதில் சொல்லும் நான், எச்ச ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற வேதியியலாளன். விளைபொருளில் தங்கிவிட்ட மருந்தை அளப்பதும், அந்த அளவு எந்த நாட்டில் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதும்தான் எனக்குத் தெரிந்தவை. எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்பதை மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் விலை எப்போது ஏறும் என்பதை என்னிடம் கேட்க வேண்டாம்.

தேவாரத்திலிருந்து, உடும்பன்சோலையில் நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்: ஐயா, உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கிய மருந்தைத்தான் அடிக்கிறோம். நெல்லுக்கும் பருத்திக்கும் ஆகும் மருந்து ஏலக்காயில் இருந்தால் மட்டும் ஐரோப்பாவில் ஏன் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள்?

இன்று வந்த கேள்விகளில் அடிப்படையானது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எச்ச வரம்பு என்பது ஒரு மருந்துக்குப் பொதுவாக வைத்த அளவு அன்று. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு விளைபொருளுக்கும் தனித்தனியாக வைக்கப்படும் அளவு. அதை வைப்பதற்கு, சிபாரிசு செய்த அளவில் மருந்தடித்து, இத்தனை நாளில் இத்தனை தங்கியது என்று காட்டும் வயல் சோதனைத் தரவு வேண்டும். தரவு இல்லாத இடத்தை ஐரோப்பிய ஒன்றியம் காலியாக விடுவதில்லை. 2005ஆம் ஆண்டின் 396ஆம் எண் விதிமுறைப்படி அங்கே கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது அளவு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜப்பானும் 2006 மே மாதம் முதல் இதே அளவைத்தான் கடைப்பிடிக்கிறது. நூறு டன் காயில் மொத்தம் ஒரே ஒரு கிராம் மருந்து இருந்தால் வரும் அளவு அது. நச்சியல் ஆய்வு செய்து இதற்கு மேல் ஆபத்து என்று கண்டு வைத்த எல்லை அன்று. பல மருந்துகளுக்கு ஆய்வகக் கருவி நம்பகமாக அளக்கக்கூடிய கடைசி அளவை ஒட்டியது, அவ்வளவே.

அப்படியானால் ஏலக்காய்க்கு ஏன் தரவு இல்லை? 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி மத்திய பதிவுக் குழு ஒரு மருந்தைப் பயிர்வாரியாகத்தான் பதிவு செய்கிறது. ஒவ்வொரு பயிருக்கும் சோதனை நடத்திச் செலவு செய்ய வேண்டியது மருந்து நிறுவனம். பருத்திக்குச் செலவு செய்தால் பல மாநிலங்களில் விற்றுப் பணத்தை எடுத்துவிடலாம். பெரும்பகுதி இடுக்கி மாவட்டத்துக்குள் அடங்கிவிடும் ஒரு பயிருக்கு எந்த நிறுவனமும் அவ்வளவு ஆசைப்படுவதில்லை. அமெரிக்காவில் இத்தகைய சிறு பயிர்களுக்கான சோதனைகளை அரசுப் பணத்தில் நடத்தித் தர ஐ.ஆர்.-4 என்ற திட்டம் 1963 முதல் இயங்குகிறது. நம்மிடம் அந்த அளவில் எதுவும் இல்லாததால், கடைக்காரர் பருத்தி மருந்தை எடுத்துக் கொடுக்கிறார், நீங்கள் அடிக்கிறீர்கள், ஹாம்பர்க் துறைமுகத்தில் அது 0.01 என்ற அளவோடு மோதுகிறது. டப்பாவின் மேல் ஏலக்காய் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரசீது உங்களைக் காப்பாற்றாது.

கம்பத்திலிருந்து, ஏலக்காய் வியாபாரி: 2018இல் சவூதியில் நம் சரக்கை எச்சம் என்று மறுத்தபோது பட்ட நட்டம் இன்னும் மறக்கவில்லை. சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸில் மசாலாப் பொருள்களுக்கான குழுவை இந்தியாதானே நடத்துகிறது? நாமே நமக்கு வரம்பு வைத்துக்கொள்ள முடியாதா?

நீங்கள் சொல்லும் குழு 2013இல் அமைக்கப்பட்டு 2014இல் கொச்சியில் முதன்முறை கூடியது; அது பார்ப்பது தரம், ஈரப்பதம், கலப்படம் போன்றவற்றை. மருந்து எச்சத்துக்குக் கோடெக்ஸில் வேறு குழு இருக்கிறது, அதை நடத்துவது சீனா. அந்தக் குழுவுக்கு அறிவியல் மதிப்பீடு தருவது, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் சேர்ந்து கூட்டும் வல்லுநர் கூட்டம்.

ஆனால் மசாலாப் பொருள்களுக்கு அங்கே ஒரு பக்கவாசல் திறந்தே இருக்கிறது. வயல் சோதனை செய்ய வசதியில்லாத சிறு விவசாயிகளின் பயிர் என்பதால், சந்தையில் எடுத்த மாதிரிகளின் கண்காணிப்புத் தரவைக் கொண்டும் வரம்பு வைக்க ஒப்புக்கொண்டார்கள். இந்தியா அனுப்பிய அத்தகைய தரவை வைத்தே ஏலக்காய்க்குச் சில மருந்துகளின் கோடெக்ஸ் வரம்புகள் எழுந்தன. எத்தனை மாதிரி வேண்டும் என்பது வெறும் கணக்குதான்: சரக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு உயர்ந்த எச்சம் கொண்டதாக இருந்தால், அதில் ஒன்றாவது நம் கையில் சிக்கும் என்று 95 விழுக்காடு உறுதியாகச் சொல்ல 59 மாதிரிகள் வேண்டும். 59 பெரிய எண் அன்று. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை.

ஏலக் கூடத்தில் எடுக்கும் மாதிரி பல தோட்டத்துக் காயின் கலவை. வாங்கியவர் அதை மறுபடி சலித்து, எட்டு மில்லிமீட்டர் காயைத் தனியாகப் பிரித்து, வேறு லாட்டோடு கலக்கிறார். அதில் ஒரு மருந்து 0.4 இருக்கிறது என்றால், ஒரே தோட்டம் அளவுக்கு மீறி அடித்ததா, எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் அடித்தார்களா, அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதில் எதையும் அந்த எண் சொல்லாது. இவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எப்படி அடித்தால் இவ்வளவு இருக்கும் என்று சொல்லாது. கோடெக்ஸ் வரம்பை ஐரோப்பா அப்படியே ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே மருந்தடித்த தேதி, மருந்தின் பெயர், அளவு, அடுத்த காயெடுப்பின் தேதி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

வண்டன்மேடு, தோட்டக்காரர்: மருந்தடித்து எத்தனை நாள் கழித்துக் காய் எடுக்கலாம்?

எந்த மருந்து என்று சொல்லாமல் கேட்டால் பதில் இல்லை. ஆனால் ஏலத்தில் இந்தக் கேள்வியே மற்றப் பயிர்களைவிடக் கடினமானது. ஒரே சரத்தில் நுனியில் பூவும் நடுவில் பிஞ்சும் அடியில் பறிக்கத் தயாரான காயும் சேர்ந்தே நிற்கின்றன. எந்த நாளில் அடித்தாலும் நாளை பழுக்கப்போகும் ஏதோ ஒரு காயின் மேல் மருந்து விழுகிறது. நெல்லைப் போல அறுப்புக்கு முந்தைய காத்திருப்புக் காலம் என்று ஒரு கோடு கிழிக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றே: ஒரு சுற்றுக் காயெடுப்பு முடிந்த கையோடு அடித்துவிட்டு, அடுத்த சுற்று வரை தோட்டத்தை விட்டுவிட வேண்டும். இலைப்பேன் சொறி விழுந்தால் விலை போய்விடும் என்று இடையில் இன்னொரு முறை அடிப்பதுதான் பெரும்பாலும் எச்சமாக வந்து நிற்கிறது. சொறியில்லாத பச்சைக் காய்க்கு ஏலத்தில் கூடுதல் விலை கிடைக்கிறது. எச்சமில்லாத காய்க்கு அங்கே தனி விலை இல்லை. குற்றத்தை விவசாயி மேல் மட்டும் போடுபவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

பூப்பாறை: பச்சைக்காயைச் சோதித்தபோது சரியாக இருந்தது. ஸ்டோரில் உலர்த்திய பிறகு சோதித்தால் வரம்பைத் தாண்டுகிறது. ஆய்வகத்தின் தவறா?

தவறில்லை, ஐயா. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய்தான் ஒரு கிலோ உலர்காய் ஆகிறது. தண்ணீர் போய்விடுகிறது, மருந்தில் பெரும்பகுதி போவதில்லை. பச்சையில் 0.02 இருந்தால், வெப்பத்தில் ஒரு பகுதி சிதைந்தாலும், உலர்ந்ததில் அதைப் போலச் சில மடங்கு இருக்கும். எந்த நிலையில் விற்கிறீர்களோ அந்த நிலையில் சோதியுங்கள். ஸ்டோரில் விறகுப் புகைக்குழாய் ஓட்டையாகிக் காய்மேல் புகை படிந்தால், தோட்டத்தில் யாரும் அடிக்காத ஆந்த்ராகுயினோன் என்ற பொருளும் அறிக்கையில் வரலாம். தேயிலையில் இது நன்கு அறியப்பட்ட தொல்லை.

சாந்தன்பாறை: எத்தனை நாள் கழித்துக் காய் எடுக்கலாம் ஐயா?

வண்டன்மேட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

போடிநாயக்கனூர், ஏற்றுமதி அலுவலக ஊழியர்: ஒரே மூட்டைக் காய்க்கு ஓர் ஆய்வகம் 0.014 என்கிறது, இன்னொன்று 0.008 என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும். ஐரோப்பிய ஆய்வக வழிகாட்டுதலின்படி எச்ச அளவீட்டின் நிச்சயமின்மை 50 விழுக்காடு என்று கொள்ளப்படுகிறது. முதல் விடையின் உண்மை மதிப்பு 0.007க்கும் 0.021க்கும் இடையில் எங்கும் இருக்கலாம், இரண்டாவது 0.004க்கும் 0.012க்கும் இடையில். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஏலக்காயில் எண்ணெய் மிகுதி. அதன் சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும் பிரித்தெடுத்த சாற்றோடு கருவிக்குள் போய் மருந்தின் சமிக்ஞையை அமுக்கவோ ஊதிக் காட்டவோ செய்யும். தக்காளிக்குச் சரிபார்த்த முறையை அப்படியே ஏலக்காய்க்குப் பயன்படுத்தும் ஆய்வகத்தை விட்டு விலகுங்கள். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். சான்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அந்தச் சான்றின் பட்டியலில் மசாலாப் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லையில் அவர்கள் இந்த நிச்சயமின்மையைக் கழித்த பிறகே நடவடிக்கை எடுக்கிறார்கள். அதை நம்பி 0.014 சரக்கை ஏற்றாதீர்கள். அங்கே எடுக்கும் மாதிரி உங்கள் மாதிரி அன்று.

குமுளி, இயற்கை முறைத் தோட்டக்காரர்: சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் பதினான்கு மருந்துகள் வரம்புக்கு மேல் இருந்ததால் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே விற்பனையை நிறுத்தியது. நம் காய் நஞ்சு என்று வெளிப்படையாகச் சொல்வதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வரம்பு மீறல் என்பது சட்ட மீறல். உடலுக்குக் கேடு என்பது வேறு கணக்கு. புரோஃபெனோபாஸ் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். சர்வதேச வல்லுநர் கூட்டம் வைத்த நாள் அளவு, அதாவது வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் கேடில்லை என்று கொள்ளும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம், அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 1.8 மில்லிகிராம். ஏலக்காயில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், அந்த அளவை எட்ட ஒரு நாளில் 600 கிராம் ஏலக்காய் தின்ன வேண்டும்.

கம்பம் வியாபாரி: அப்படிச் சொல்லுங்கள் ஐயா. இத்தனை ஆர்ப்பாட்டமும் வெற்றுக் கூச்சல்தான்.

நான் அப்படிச் சொல்லவில்லை. அது ஒரு மருந்துக்கு, ஒரு உணவுக்குப் போட்ட கணக்கு. அதே மனிதர் அதே நாளில் காய்கறியும் அரிசியும் உண்கிறார். மேலும் நாள் அளவு என்பது கல்லில் வெட்டிய எழுத்து அன்று. குளோர்பைரிபாஸுக்குச் சர்வதேசக் கூட்டம் 0.01 என்று வைத்திருந்தது. 2019இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மரபணுவைத் தாக்கும் ஐயம் தீராததால் அதற்குப் பாதுகாப்பான அளவு எதையும் வைக்க முடியாது என்றது. 2020இல் அங்கே அதன் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. டிரையசோபாஸ் நம் நாட்டிலேயே 2020 டிசம்பர் 31உடன் தடை செய்யப்பட்டது. பழைய இருப்பை மலிவாகத் தள்ளிவிடுபவர்களிடம் வாங்காதீர்கள்.

குமுளி: 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மசாலாவுக்குப் பொது அளவைப் பத்து மடங்கு உயர்த்தியதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? மீறலை மறைக்க வரம்பையே நகர்த்துவதுதானே அது?

கம்பம் வியாபாரி: உங்கள் தோட்டத்துக் காயும் எங்கள் லாட்டில்தான் கலக்கிறது. பேச்சு மட்டும் தனியாக இருக்கிறது.

இருவரும் பொறுங்கள். அந்த உத்தரவு, இந்தியாவில் பதிவு பெறாத மருந்துகளுக்கு, தனி வரம்பு இல்லாத இடத்தில், 0.01ஐ 0.1 ஆக்கியது. எல்லா மருந்துக்கும் அன்று. என் கருத்தைக் கேட்டால், தரவில்லாமல் வைத்த 0.01 எந்த அளவுக்குக் குறையுடையதோ, தரவில்லாமல் வைத்த 0.1உம் அதே அளவுக்குக் குறையுடையது. ஏலக்காயில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் 0.01ஐ அளப்பது கடினம் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அதைச் சொல்லி உயர்த்தும்போது, எத்தனை மாதிரியில் என்ன கண்டோம் என்ற அட்டவணையையும் கூடவே வைத்திருந்தால் குமுளிக்காரருக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்காது. ஐரோப்பாவும் ஜப்பானும் நம் உத்தரவைப் பார்த்துத் தம் அளவை மாற்றப்போவதில்லை. பதினான்கு மருந்துகள் என்ற எண்ணுக்கும் ஒரு விளக்கம்: கலந்த சரக்கில் பதினான்கு இருப்பதால் ஒருவரே பதினான்கையும் அடித்தார் என்று ஆகாது. ஆனாலும் மூன்று மருந்தை ஒரே பீப்பாயில் கலந்து அடிக்கும் பழக்கம் நம் மலையில் இருக்கிறது, அதை இருவரும் அறிவீர்கள். இதற்கு மேல் இந்த வழக்கை இங்கே நடத்த வேண்டாம்.

சித்தூர் எல்லையிலிருந்து, மாந்தோப்புக்காரர்: மாம்பழக் கூழுக்கும் இதே விதியா?

பொது அளவு எல்லாப் பயிருக்கும் பொருந்தும். ஆனால் மாம்பழத்துக்குத் தனி வரம்புகள் நிறைய உண்டு. உங்கள் கூழ் ஆலையில் நாடுவாரியான பட்டியலைக் கேளுங்கள்.

கம்பம், கல்லூரி மாணவி: ஐயா, என் அம்மா தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறித் தோட்ட வேலைக்குப் போகிறார். காலையில் மருந்தடித்த தட்டைகளுக்கு நடுவே மதியம் களை எடுக்கச் சொல்கிறார்கள். நீங்கள் சொல்லும் வரம்புகளில் இது எங்கே வருகிறது?

எங்கும் வரவில்லை, அம்மா. எச்ச வரம்பு உண்பவருக்காக வைத்தது; அது சரியாக இருக்கும் தோட்டத்திலும் வேலை செய்பவர் உடலில் பல மடங்கு மருந்து ஏறியிருக்கலாம், ஏனென்றால் அவருக்கு அது வாய்வழியாக அன்றி ஈர இலையிலிருந்து தோல்வழியாகப் போகிறது. அடித்த இடத்துக்குள் மறுபடி நுழைவதற்கு உரிய இடைவெளி ஒவ்வொரு மருந்துக்கும் உண்டு. குறைந்தபட்சம் இலை முழுக்கக் காயும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. தலைவலி, கண்பாவை சுருங்குதல், எச்சில் மிகுதல், வயிற்றுப்பிடிப்பு என்று வந்தால் மருந்து டப்பாவின் சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாஸ்பரஸ் வகை மருந்துக்கு முறிமருந்து உண்டு. உங்கள் அம்மா போன்றவர்களின் இரத்தப் பரிசோதனை விவரம், காயின் எச்ச விவரத்தோடு சேர்த்து ஒரு முறையாவது எடுக்கப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

போடி: ஒருமுறை வாங்கிய சோதனைச் சான்றிதழ் எத்தனை மாதம் செல்லும்?

சோதித்த அந்த மாதிரிக்கு மட்டும் செல்லும்.

வண்டன்மேடு, நாற்பது சிறு தோட்டக்காரர் குழு: நாங்கள் சேர்ந்து தனி லாட்டாக விற்க நினைக்கிறோம். எங்களிடமிருந்து உருப்படியான தரவு வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் நாற்பது பேரும் மேலே சொன்ன நான்கு விவரங்களை ஒரே மாதிரியான நோட்டில் எழுதுங்கள். அடிக்காத வாரத்தில் "அடிக்கவில்லை" என்றும் எழுதுங்கள். ஒரே ஸ்டோரில், தோட்டவாரியாக மூட்டையில் எண் போட்டு உலர்த்துங்கள். கலப்பதற்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துச் சேர்த்த மாதிரியை மூன்றாகப் பங்கிட்டு, ஒன்றை ஆய்வகத்துக்கும் ஒன்றைக் குளிர்பெட்டிக்கும் ஒன்றை வாங்குபவருக்கும் வையுங்கள். இரண்டு சுற்றுக் காயெடுப்பில் எண்பது மாதிரி சேர்ந்துவிடும். 59ஐத் தாண்டிவிட்டீர்கள், அதுவும் அடித்த விவரத்தோடு. சோதனைச் செலவு தாங்காது என்றால் முதல் சுற்றில் நோட்டை மட்டும் எழுதுங்கள், மாதிரியைக் குளிரில் வைத்திருங்கள். பிறகு மயிலாடும்பாறையையும் வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் எச்ச ஆய்வகத்தையும் அணுகுங்கள். எழுதிவைத்த நோட்டோடு போகும் குழுவுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு.

உடும்பன்சோலை: ஐயா, அடித்து எத்தனை நாள் கழித்து...

மருந்தின் பெயரோடு வாருங்கள்.