அறமும் பசுமையும் பார்த்து ஆன்லைன் துணிக்கடை நடத்தினால் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும். ஆனால் கடை தொடங்கும் யோசனையில் “நியாயமான கூலி, இயற்கைத் துணி, பிளாஸ்டிக் இல்லாத பேக்கிங், எங்கே ஆரம்பிப்பது?” என்று கேட்டவர் பேக்கிங் பற்றி மட்டும் நாலு வரி எழுதியிருக்கிறார். லோகோவும் பழுப்புப் பெட்டியும் முடிவாகிவிட்டன, சரக்கு யாரிடம் என்பது இன்னும் முடிவாகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரக்கிலிருந்தே ஆரம்பியுங்கள். சப்ளையர் “ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரநிலை) சான்று பெற்ற ஆர்கானிக் காட்டன்” என்றால் இரண்டு காகிதம் கேட்க வேண்டும். ஸ்கோப் சர்டிபிகேட், அந்த நிறுவனம் சான்று பெற்றது என்று மட்டும் சொல்லும். டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட்தான் அனுப்பப்பட்ட குறிப்பிட்ட சரக்குக்கானது. முதலாவதை உடனே அனுப்பிவிடுவார்கள். இரண்டாவதைக் கேட்டதும் பதில் வரத் தாமதமானால் விஷயம் புரிந்துவிடும். ஜிஓடிஎஸ் லேபிளில் வெறும் “ஆர்கானிக்” என்றிருந்தால் குறைந்தது 95 சதவீத இழை சான்று பெற்றதாக இருக்க வேண்டும். “ஆர்கானிக் இழை கலந்தது” என்ற தரத்துக்கு 70 போதும். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 வேறு சமாச்சாரம். துணியில் தீங்கான ரசாயனம் வரம்புக்குள் இருக்கிறதா என்பதற்கான சோதனை அது. பருத்தி எப்படி விளைந்தது, தைத்தவருக்கு என்ன கூலி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பலரும் கவனிக்காத ஒன்று: நுகர்வோருக்கு மட்டும் விற்கும் கடைக்குத் தனியாக ஜிஓடிஎஸ் சான்று தேவையில்லை. ஆனால் சான்று பெற்ற சட்டையை வாங்கி, லேபிளை மாற்றியோ மறுபடி பேக் செய்தோ ஜிஓடிஎஸ் பெயரில் விற்றால் அந்த விலக்கு போய்விடும். உங்கள் பிராண்டு லேபிள் வேண்டுமென்றால், சான்று பெற்ற தையலகத்திலேயே அதை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

சிறு நெசவாளர்களிடம் சான்று இருக்காது. ஆண்டுதோறும் ஆய்வுக் கட்டணம் கட்ட அவர்களுக்கு முடியாது. அதற்காக அவர்களை ஒதுக்க வேண்டாம். சான்று இருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும். கூலியை மட்டும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். “மீட்டருக்கு இவ்வளவு” என்ற எண்ணை அப்படியே நம்பாமல், ஒரு நாளில் எத்தனை மீட்டர் வருகிறது, அதற்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். தார் சுற்றுவது (குறுக்கு நூலைச் சிறு குழலில் சுற்றுவது), பாவு (நெடுக்கு நூல்) தயாரிப்பது போன்ற வேலைகளை வீட்டார் செய்தால் அந்த நேரம் கணக்கிலேயே வராது. அதையும் சேர்த்து வகுத்தால் மணிக் கூலி என்னவென்று தெரியும். ஆர்டர் கொடுக்கும்போதே பாதிப் பணம், சரக்கு கிளம்பும்போது மீதி. அறுபது நாள் கடன் சொல்லிவிட்டு “நியாய வணிகம்” என்று போர்டு வைப்பதில் அர்த்தமில்லை.

இயற்கைச் சாயத் துணி என்றால் வாங்குமுன் மூன்று சோதனை. ஒரு துண்டின் பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் நல்ல வெயிலில் வையுங்கள். மஞ்சள் கிழங்கின் சாயம் முதலில் தோற்கும். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். அவுரி நீலம் சரியாக அலசப்படாமல் இருந்தால் ஒட்டிக்கொண்டு வரும். கடைசியாக, துணியில் 50 சென்டிமீட்டர் குறித்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளக்கவும். 48 ஆகிவிட்டால் சுருக்கம் 4 சதவீதம். அந்த எண்ணைப் பொருள் பக்கத்திலேயே போடுங்கள். கூடவே எஸ், எம், எல் என்பதோடு நிறுத்தாமல், சட்டையைச் சமதளத்தில் விரித்து மார்பு, தோள், நீளம் மூன்றையும் சென்டிமீட்டரில் கொடுங்கள். ரிட்டர்னில் பெரும்பகுதி அளவு தகராறுதான். அது குறைந்தால் இரண்டு முறை பயணிக்கும் பார்சலும் குறையும்.

இனி பேக்கிங். கூரியரில் எடையோடு கொள்ளளவையும் பார்ப்பார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வரும் கிலோ நிஜ எடையைவிட அதிகமென்றால் கட்டணம் அதற்குத்தான். 250 கிராம் சட்டையை 30 × 25 × 10 பெட்டியில் வைத்தால் கட்டணம் ஒன்றரைக் கிலோவுக்கு. அதையே 3 சென்டிமீட்டர் உயரத்தில் தட்டையாகக் கட்டினால் 450 கிராமுக்கு. அழகான பெட்டி பணத்தையும் தின்னும், வண்டியில் இடத்தையும் தின்னும்.

“மக்கும் கவர்” என்று விற்கிறார்களே, அதில் பிஎல்ஏ (தாவர மாவுப்பொருளிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) வகை மக்குவதற்குத் தொழிற்சாலை உரக்கூடத்தின் 60 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். வீட்டுக் குழியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். காகித உறையும், நீர் தடவி ஒட்டும் காகித டேப்பும் போதும். மழைக்காலத்துக்கு மட்டும் மறுசுழற்சி பிளாஸ்டிக் உறையைச் சொல்வேன். பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கீழே கமென்டில் வருவார்கள், வரட்டும். நனைந்து பூஞ்சை பிடித்த துணியைத் தூக்கி எறிவது ஓர் உறையைவிடப் பெரிய விரயம்.

விலை விஷயத்துக்கு வருவோம். விற்பனை விலை 100 என்றால் சரக்கு, பேக்கிங், கூரியர், பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் சேவை) கட்டணம், ரிட்டர்ன் ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து 60-க்குள் நிற்க வேண்டும். மீதி 40. விலையில் 20 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் கைக்கு வருவது 80, மிஞ்சுவது 20. அதே லாபத்துக்கு இரண்டு மடங்கு பார்சல் கட்ட வேண்டும். நெசவாளரிடம் போய்க் கூலியைக் குறைக்கச் சொல்லும் நிலைமை இப்படித்தான் வருகிறது. தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கறை பட்ட, தையல் பிசகிய துணிகளுக்கு மட்டும், குறையைப் படம் போட்டுக் காட்டிக் கொடுங்கள்.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். “கொலாப்”, அதாவது சமூக வலைதளத்தில் உங்கள் துணியைப் பற்றிப் பதிவு போடுகிறேன் என்று இலவசமாக நாலு உடை கேட்டு வருபவர்கள் பச்சை வாழ்க்கையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். நெய்தவருக்குக் கூலி கொடுத்த பொருளை இவர்களுக்கு எதற்காகச் சும்மா கொடுக்க வேண்டும்? கேட்டால் “எக்ஸ்போஷர்”, நாலு பேர் கண்ணில் படும் என்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், ஆதாரமில்லாத “சூழலுக்கு உகந்தது” போன்ற பொத்தாம்பொதுவான வாசகங்களுக்கும், எங்கோ மரம் நட்டுக் கரியமில வாயுவை ஈடுசெய்ததாகச் சொல்லும் “கார்பன் நியூட்ரல் பொருள்” என்ற வாசகத்துக்கும் அங்கே 27 செப்டம்பர் 2026 முதல் தடை. அந்தச் சொற்களை இப்போதே எடுத்துவிட்டு, எந்த நூல், எங்கே நெய்தது, என்ன சாயம், எவ்வளவு சுருங்கும் என்று எழுதுங்கள்.