கேளுங்கள், சொல்கிறேன்: புளித்த பாலும் பத்துப் பவுண்டும்

கேள்வி: ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் 'விகாரேஜ்' என்று ஒரு வீடு அடிக்கடி வருகிறது. படித்தால் பெரிய பங்களா போலத் தோன்றுகிறது. ஒரு பாதிரியாருக்கு எதற்கு அத்தனை பெரிய வீடு?
– வாசகி, தேனி

பதில்: விகார் குடியிருக்கும் வீடு விகாரேஜ். நம் சபைகளில் குருமனை என்பார்கள். நீங்கள் கதையில் பார்ப்பது பிற்காலத்து வீடு. விகார் என்ற சொல்லுக்கு லத்தீனில் 'பதிலாள்' என்று பொருள். பங்கின், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்ப்பகுதியின், முழு உரிமை ரெக்டர் என்ற தலைமைக் குருவுக்கு; அவருக்குப் பதிலாள்தான் விகார். பல ஊர்களில் அந்த ரெக்டர் ஆளாகக்கூட இருக்காது, ஒரு மடமாக இருக்கும். தசமபாகத்தில், அதாவது விளைச்சலில் கோயிலுக்குச் சேரவேண்டிய பத்தில் ஒன்றில், தானியமும் வைக்கோலும் மடத்துக்குப் போய்விடும். முட்டை, பழம், தேன் என்று சில்லறை வரவு மட்டும் விகாருக்கு. வீடும் அந்த வரவுக்கு ஏற்றபடிதான்.

தென் இங்கிலாந்தில், சசெக்ஸில் கக்மியர் ஆற்றங்கரையில் ஆல்ஃப்ரிஸ்டன் என்ற கிராமம். அங்கே 14ஆம் நூற்றாண்டுக் குருமனை ஒன்று இன்றும் நிற்கிறது. குனிந்து நுழையவேண்டும், நான் குனியவில்லை, நெற்றி வீங்கியது. மாளிகையும் இல்லை, குடிசையும் இல்லை. நாலு காணி வைத்திருந்த குடியானவர்கள் அந்தப் பக்கத்தில் கட்டிக்கொண்ட அதே வகை வீடு. ஓக் மரச் சட்டம், துளையில் கழுந்தைச் செருகி மர ஆணி அடித்தது. சட்டங்களுக்கு இடையே வரிச்சு பின்னிக் களிமண் பூசிய சுவர். நடுவில் தரையிலிருந்து கூரை முகடு வரை தடையில்லாத கூடம். அன்று கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு, புகைபோக்கி கிடையாது. புகை தானாக ஏறி, வேய்ந்த கூரையின் வழியே கசிந்து போகும். விகார் வேட்டியாக உடுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் காவியாகியிருக்கும்.

இந்த வகை வீட்டில் எனக்குப் பிடித்தது இறவாரம், சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு. கூடத்தின் இருபுறமும் மாடி அறைகள் தெருவை நோக்கித் துருத்தி நிற்கும். கூரையோ மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. அதனால் நடுவில் மட்டும் இறவாரம் சுவரை விட்டு வெகுதூரம் விலகிப்போகிறது. அதை வளைந்த தாங்குகட்டைகள் ஏந்திக்கொள்கின்றன. பொறியாளர் யாரும் வரைந்து கொடுத்ததில்லை, தச்சர் கைக்கணக்கு.

பங்களா எப்போது வந்தது? 1549இல் ஆங்கிலப் பாதிரிமார் மணந்துகொள்ளச் சட்டம் வழிவிட்டது. வீட்டில் பிள்ளைகள் பெருகினார்கள். 1776இல் இன்னொரு சட்டம், பங்கின் வருமானத்தை அடகு வைத்து வீடு கட்டலாம் என்றது. கடன் கிடைத்தால் கூடுதலாக இரண்டு அறை போடாதவர் உண்டா?

கேள்வி: ஆல்ஃப்ரிஸ்டன் குருமனைத் தரையில் புளித்த பால் ஊற்றினார்கள் என்று எங்கோ படித்தேன். கதைதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: நிஜம்தான். அந்த வட்டாரக் குன்றுகள் முழுக்கச் சாக்பீஸ் போன்ற வெள்ளைச் சுண்ணப்பாறை. அதை உடைத்துக் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, மேலே புளித்த பாலைப் பூசினார்கள். பாலில் உள்ள கேசீன் சுண்ணத்தோடு சேர்ந்து பசைபோல இறுகும், தூசி கிளம்பாது. முட்டை வெண்கரு சேர்த்த செட்டிநாட்டுப் பூச்சைத் தடவிப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். நான் குந்தி உட்கார்ந்து அந்தத் தரையைத் தடவினேன். குளிர்ச்சியாக இருந்தது. பால் வாடை இல்லை.

கேள்வி: அப்படிப்பட்ட வீடு எப்படித் தப்பிப் பிழைத்தது?
– அதே வாசகர்

பதில்: தப்பியது அதிர்ஷ்டம். 19ஆம் நூற்றாண்டில் இடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அவ்வூர் விகாரே அதைக் காப்பாற்ற வேண்டும் என்று அலைந்தார். பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்க 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் 1896இல் அதை வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அதுதான். விலை பத்துப் பவுண்டு. பழுதுபார்க்க ஆன செலவு அதைப்போலப் பல மடங்கு.