விலாங்கின் காதுக்குள் ஒரு கல்: கேட்டவர்களுக்குப் பதில்

விலாங்கு மீனின் காதுக்குள் இருக்கும் கல்லை வைத்து அதன் வயதையும் வாழ்ந்த இடத்தையும் கண்டுபிடிக்கிறோம். காதெலும்பு என்றும் சிலர் சொல்லும் அந்தக் கல்லைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

மீனுக்குக் காதே இல்லையே சார், அப்புறம் எங்கிருந்து காதெலும்பு?

வெளிக்காதுதான் கிடையாது. மண்டைக்குள் உள்காது உண்டு, அதில் பக்கத்துக்கு மூன்று செவிக்கற்கள். கத்தாழை மீனின் தலையை ருசித்துச் சாப்பிட்டவர்கள் அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்திருப்பார்கள். விலாங்குக்கு அது சில மில்லிமீட்டர்தான். எலும்பு என்று சொல்வதும் சரியில்லை. இது கால்சியம் கார்பனேட்டும் கொஞ்சம் புரதமும். எலும்பில் இருப்பதை உடல் தேவைப்பட்டால் கரைத்து எடுத்துக்கொள்ளும்; செவிக்கல்லில் படிந்தது அப்படியே கிடக்கும். அதனால்தான் அதை நம்புகிறோம்.

வயதை எப்படிப் பார்க்கிறீர்கள் அண்ணா?

கல்லைத் தேய்த்துச் சாயம் ஏற்றியோ, தீயில் வாட்டி உடைத்தோ வளையங்களை எண்ணுவோம். கோடையில் அகலமான பட்டை, குளிர்காலத்தில் ஒல்லியான கோடு. ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள சர்காசோ கடலில் பிறந்து வருவதால், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் குஞ்சாகக் கரை சேர்ந்தபோது விழுந்த தடத்திலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும்.

ஆற்றில் வளர்ந்ததற்கும் கழிமுகத்தில் வளர்ந்ததற்கும் கல்லில் வித்தியாசம் தெரியுமா?

நன்றாகவே தெரியும். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் உவர்நீர்ப் பகுதி விலாங்குகள், மேலே நன்னீரில் இருப்பவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் நீளுகின்றன. அவற்றின் கல்லில் வருட வளையங்கள் விலகி விலகி இருக்கும். ஆற்று விலாங்கின் கல்லில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ஓரத்தில் எண்ணி முடிப்பதற்குள் கண் வலித்துவிடும்.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் சறுக்குவார்கள். உடல் மெதுவாக வளர்ந்தால் கல்லும் சின்னதாக இருக்கும் என்று நினைப்பார்கள். நடப்பது வேறு. உடல் நீளாத வருடத்திலும் கல்லின் மேல் படிவு சேர்ந்துகொண்டே போகும். தண்ணீரின் வெப்பமும் உடலின் இயக்கமும் அதைத் தீர்மானிக்கின்றன, இரை மட்டும் அல்ல. ஆகவே ஒரே நீளமுள்ள இரண்டு விலாங்குகளில், மெதுவாக வளர்ந்த கிழட்டு விலாங்கின் கல்தான் பெரிதாக இருக்கும். கழிமுக மீன்களை வைத்துப் போட்ட ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஆற்று மீனின் பழைய நீளத்தைக் கல்லிலிருந்து கணக்கிட்டால் விடை தப்பாகத்தான் வரும். நானும் முதல் வருடம் இப்படிக் கணக்குப் போட்டு அசடு வழிந்தவன்தான்.

எங்கே வாழ்ந்தது என்பதையே கல் சொல்லுமாமே?

சொல்லும். கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் என்ற, கால்சியம் போன்ற தனிமம் அதிகம், நன்னீரில் பொதுவாகக் குறைவு. கால்சியத்தோடு சேர்ந்து அதுவும் கல்லில் படியும். நடுவிலிருந்து ஓரம் வரை இரண்டின் விகிதத்தை அளந்தால் மீன் போன வழி தெரியும். 1998இல் ஜப்பானிய விலாங்கு ஆய்வாளர் கட்சுமி சுகமோட்டோவும் மற்றவர்களும் ஜப்பானிய, ஐரோப்பிய விலாங்குகளில் சில ஆற்றுப் பக்கமே எட்டிப் பார்க்காமல் கடலிலேயே வளர்ந்தவை என்று இப்படித்தான் காட்டினார்கள். நன்னீர் மீன் என்று பேர் வாங்கிய மீன்! ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும் மாறி மாறிப் போகிறவையும் உண்டு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்?

நம் ஊர் விலாங்குக்கும் இதே முறைதானா?

ஸ்ட்ரான்சியம் அளப்பது சரிவரும். வளையம் எண்ணுவதுதான் சிக்கல். கடுங்குளிர் இல்லாத ஊரில் வருடக் கோடு அவ்வளவு தெளிவாக விழாது.

பண்ணையில் வளர்த்தால் கல் எப்படி இருக்கும்?

வருடம் முழுக்கச் சூடான தண்ணீர், நிறைய தீனி. கல் வேகமாகப் பெருக்கும், குளிர்காலக் கோடு இராது. அதற்குப் பதில் தொட்டி மாற்றும்போதும் அளவு வாரியாகத் தரம் பிரிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியில் பொய்க்கோடுகள் விழும். அதை வயது என்று எண்ணிவிடாதீர்கள். வேண்டுமென்றே கோடு போடுபவர்களும் இருக்கிறார்கள். சுவீடனில் நீர்நிலைகளில் விடுகிற குஞ்சுகளை 2009 முதல் ஸ்ட்ரான்சியம் கலந்த தண்ணீரில் வைத்த பிறகே விடுகிறார்கள். பல வருடம் கழித்து வலையில் சிக்கும்போது, தானாக வந்ததா, கொண்டுவந்து விட்டதா என்று கல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம்.